உதவியவர்: அம்மா

என் மகள் காப்பியடித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். யாரைப் பார்த்து அடித்தாள் என்று சொல்லட்டும். மாடி வீட்டுக்காரியைப் படிக்கட்டில் மறித்து நான் கேட்டது அவ்வளவுதான். ஈரத்துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நானா சொல்றேன் பெரியம்மா? எல்லாரும் பேசிக்கறாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்தான்.”

“சரி, அந்த எல்லாரும் சொல்லட்டும். எம்பொண்ணு யாரைப் பாத்துக் காப்பியடிச்சாளாம்?”

வாளியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “உங்களைப் பாத்துத்தான்னு சொல்றாங்க.”

எனக்குப் பஸ் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைக்கூட வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் ஏறுவேன். கையெழுத்து வேண்டுமென்றால் கட்டைவிரலை நீட்டுகிறவள். என்னைப் பார்த்து ஒருத்தி கால்குலஸ் கணக்கைக் காப்பியடித்திருந்தால் அவளைத் தண்டிக்கக் கூடாது, மாலை போட வேண்டும். ஆனால் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்பது உண்மை. அவள் கடை வேலையை விட்டதும் உண்மை. காப்பியடித்தாள், துரத்திவிட்டார்கள் என்று இந்த இரண்டுக்கும் நடுவில் சேர்ந்ததெல்லாம் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்குவதற்குள் வளர்ந்தது. நடந்ததை நான் சொல்கிறேன்.

என் இளைய மகளை வீட்டில் சுட்டி என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் எதையும் சும்மா விடமாட்டாள். கடிகாரத்தைப் பிரிப்பாள், கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றுவாள், திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருஷத்தில் அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். அப்போது பாதியில் விட்ட பாடம்தான் இந்தக் கால்குலஸ். புத்தகத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவின் ஆடுகிற காலுக்கு அதை முட்டுக் கொடுத்தது நான். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மரத்துண்டு இருந்தது.

அப்பா போன பிறகு டிரை கிளீனிங் செய்கிற உலர்சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார். தங்கமான மனிதர், ஆனால் பாதி நாள் போனில்தான் இருப்பார். பேத்தி பிறந்தாள். நானும் மகளும் பேத்தியும் கீழ் வீட்டில் இரண்டு அறையில் இருக்கிறோம்.

கடையில் அவள் கவுண்டர் அக்கா. கறை எடுப்பதில் அவளுக்கு நல்ல கை. கோட்டின் கைமடிப்பை விளக்கடியில் பிடித்து முகர்ந்து பார்த்து, இது மை, இது வண்டி எண்ணெய் என்று சொல்வாள். துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: “இனிமே கறை பட்டா வீட்டுல தேய்க்காதீங்க. அப்படியே கொண்டு வாங்க.” கொடுக்கும்போது துணியில் ஒரு புள்ளிகூட இருக்காது. இருந்தால் கொடுக்கமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். நான் கழுவின தட்டை மறுபடி கழுவுவாள். எனக்குக் கோபம் வரும்.

கடையின் பின்கட்டில் நீராவிக் கொதிகலன் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க அதிகாரி வருவார். போன தடவை வந்தது ஒரு பெண். கையில் டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, தலையைக் கொதிகலனுக்குள் நுழைத்துவிட்டாளாம். இவள் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்னாலேயே போய் நின்று கேள்வி கேட்டிருக்கிறாள். “நீங்க ஏன் இதைப் படிக்கக் கூடாது?” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். போகிறவர்கள் இப்படி எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், நம் வீட்டில் அது முளைக்கும்.

விசாரித்துக்கொண்டு வந்தாள். இயந்திரப் பொறியியல் பகல் படிப்பில், வேலை பார்க்கிறவர்களுக்கென்று கொஞ்சம் இடம் உண்டாம். அதற்கு முன்னால் மாலை வகுப்பில் கால்குலஸ் பாடத்தில் தேற வேண்டும். ஒருமுறை இந்த வழியில் வந்து தவறினால் மறுபடி இந்த வழியில் வர முடியாது. போனில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர், “நான் வண்டிய ஓட்டறேன், நீ அது எவ்வளவு வேகத்துல போகுதுன்னு கணக்குப் போடு” என்றார். அதுதான் கால்குலஸ் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அவள் சொன்ன விளக்கம், ஒன்று மாறும்போது அந்த நிமிஷத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது. மாடி வீட்டுக்காரி படிக்காமலேயே ஊர் விஷயத்தில் அதைத்தானே செய்கிறாள் என்றேன்.

முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று, டீச்சர் கொடுத்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். அந்தப் பாடத்தின் விதிமுறைகளாம்.

“வீட்டுப்பாடத்தைத் தாமதமாகக் கொடுத்தால் வாங்கப்படாது.”

“ஒடம்பு சரியில்லன்னா?”

“வாங்க மாட்டாங்கம்மா. ஆனா இருக்கறதுலயே மோசமான ரெண்டு வீட்டுப்பாடத்தை அவங்களே கணக்குல சேக்க மாட்டாங்களாம்.”

“அதை மொதல்ல சொல்றதுக்கென்ன? நல்ல மனச எல்லாம் கீழ் வரியில ஒளிச்சு வெச்சிருக்கா.”

“கால்குலேட்டர் கூடாது. விடை மட்டும் இருந்தால் மதிப்பெண் இல்லை, வந்த வழியும் இருக்க வேண்டும்.”

“அதான் வந்து சேந்தாச்சே, வழி எதுக்கு?”

“சும்மா இரும்மா.” தவறை அழிக்கக் கூடாது, மேலே ஒரு கோடு போட வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அதை அவள் வேகமாக வாசித்துவிட்டுத் தாண்டினாள். நானும் விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு வரி. அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். வீட்டுப்பாடத்துக்கு யாருடைய உதவியைப் பெற்றாலும் அவர் பெயரை அடியில் எழுத வேண்டும், எழுதாமல் விடுவது நேர்மையின்மை, நேர்மையின்மைக்குப் பாடத்திலிருந்து நீக்கம்.

இந்த வரிதான் எங்களைக் கல்லூரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

விடியற்காலையில் எழுந்து கணக்குப் போடுவாள். அடுப்பங்கரை மேசைதான் அவள் இடம். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேத்தியை எழுப்பி, குளிக்க வைத்து, சடை பின்னி, சத்தம் போடாமல் சாப்பிட வைப்பேன். அவள் பென்சிலால் போடுவாள், ரப்பரால் அழிப்பாள், மறுபடி போடுவாள். மேசையெல்லாம் ரப்பர் தூள். கடைசியில் புதுத் தாளில் எடுத்து எழுதினால் தாள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். அடியில் ஒரு வரி எழுதுவாள். ஒருநாள் பேத்தி அதை வாசித்துவிட்டு, “பாட்டி, உன் பேரு காலேஜுக்குப் போகுது” என்றாள். நான் எங்கேயும் போகவில்லை, எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

வீட்டுப்பாடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் நடுவில் ஒரு தேர்வு. வாசல் தேர்வு என்று பெயர். அதைத் தாண்டினால்தான் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியும். பாதி சரி, முக்கால் சரி என்று தேற்றிவிடுகிற பழக்கம் அதில் கிடையாது. தவறினால் மறுபடி எழுதலாம், ஆனால் அதற்குக் குறித்த நாள் வரைக்கும்தான். மறுபடி எழுதுவதற்கு முன்னால் டீச்சரின் அறைக்குப் போய், எங்கே தப்புச் செய்தோம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். என் மகள் முதல் தடவை தவறினாள். இரண்டாம் தடவையும் தவறினாள். நேரம் போதவில்லை என்றாள். அழித்து அழித்து ஒரு தாளில் ஓட்டையே விழுந்துவிட்டதாம்.

இப்போது அந்த டீச்சரின் இடத்திலிருந்து பாருங்கள். வீட்டிலிருந்து வருகிற கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கிறது. எதிரே உட்கார வைத்தால் பாதிகூட முடியவில்லை. எங்கே தப்பு என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை, எல்லாம் அழித்தாகிவிட்டது. வீட்டுக் கணக்கின் அடியில் வாரம் தவறாமல் ஒரே வரி. உதவியவர்: அம்மா. நானாக இருந்தாலும் அந்த அம்மாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்கம்மா” என்று வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. “நீதான் போட்டுக் குடுக்கறேன்னு நெனக்கறாங்க. அப்படின்னு முடிவு பண்ணிட்டா என்னை நீக்கிருவாங்க.”

“நானா? கால்குலஸா?”

“சிரிக்காதம்மா.”

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். ஏழைப் பெண் மாதிரி போய் நிற்கக் கூடாது பாருங்கள். மாடி வீட்டுக்காரி ஜன்னலில் இருந்தாள். அங்கேதான் இந்தப் பேச்சுக்கு விதை விழுந்தது.

டீச்சரின் அறை சின்னது. ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகை. மூன்று நாற்காலி, அதில் ஒன்றில் புத்தகம் உட்கார்ந்திருந்தது. டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள், பாவம், நாள் முழுக்க நின்றிருப்பாள் போல. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டாள்.

“உக்காருங்கம்மா. நீங்க எங்க வேல பாத்தீங்க?”

“ஆஸ்பத்திரிச் சமையல்ல.”

“அதுக்கு முன்னாடி? எங்க படிச்சீங்க?”

“படிக்கல.”

அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சிரித்தாள். “கணக்கு மட்டும் வீட்டுலயே கத்துக்கிட்டீங்களா?”

“கணக்குன்னா, எத்தன தட்டு போச்சு, எத்தன தட்டு திரும்பி வந்துச்சுன்னு பாப்பேன். எப்பவும் கொறையும்.”

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கட்டுத் தாளைப் புரட்டினாள். ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இந்தத் தொட்டிக் கணக்கு, வகுப்புல பாதிப் பேருக்கு மேல வரல. உங்க பொண்ணு ஒரு தப்பும் இல்லாம போட்டிருக்காங்க. கீழ உங்களைப் போட்டிருக்காங்க. இதுக்கு நீங்க என்ன உதவி பண்ணீங்க?”

எனக்கு அந்தத் தாளில் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மகளிடம் கேட்டேன். “இது எந்த வாரம்டி?”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம்.”

“ஓ, அதுவா. புள்ளைய மடியில போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தேன் டீச்சர். உள்ள இருந்தா அம்மா அம்மான்னு இவளைக் கூப்பிடும். நெத்தியில ஈரத்துணி போட்டேன்.”

“இதுக்கு முந்தின வாரம்?”

“டீ போட்டேன்.”

“அதுக்கும் முந்தி?”

“அதுக்கும் டீதான்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். “நாங்க கேக்கறது இந்த உதவி இல்லங்க” என்று என் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

“யார் உதவினாலும் எழுதணும்னு இருந்துச்சு மேடம். அம்மா இல்லன்னா என்னால ஒரு கணக்குகூட உக்காந்து போட முடியாது. எழுதாம விட்டா அது பொய்தானே.”

டீச்சர் உடனே இளகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எழுந்து சுண்ணக்கட்டியை நீட்டினாள். “அம்மா போடலன்னு நம்பறேன். வேற யாரும் போடலன்னு எனக்குத் தெரியணும். அந்தத் தொட்டிக் கணக்கை இங்க போடுங்க.”

மகள் போய்ப் பலகையில் ஒரு தொட்டி வரைந்தாள். அடியில் கூர், மேலே அகலம். தண்ணீர் விழுகிறதாம், மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்ல வேண்டுமாம். எழுதினாள். உள்ளங்கையால் துடைத்தாள். எழுதினாள், மறுபடி துடைத்தாள். பலகை வெளுத்துப்போய்விட்டது. அவள் கையும் மூக்கும்கூட.

“நில்லுங்க. இப்ப எதை அழிச்சீங்க?”

“தப்பு மேடம்.”

“தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“தொட்டியோட அகலம் மாறாம இருக்கும்னு வெச்சுட்டேன். தண்ணி மேல ஏற ஏற அகலமும் கூடும்ல.”

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தாள். “இதைத்தாங்க இத்தன வாரமா நான் தேடிக்கிட்டிருக்கேன். இந்தத் தப்பையும் இதைத் திருத்தினதையும் தாளுல விட்டிருந்தா உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன். நேரமும் மிஞ்சியிருக்கும்.”

“அழுக்கோட எப்படி மேடம் குடுக்கறது?”

“அழுக்கா?”

என் மகள் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. “தேய்க்காம அப்படியே கொண்டு வாங்க. கறையப் பாத்தாதான் எதனால வந்துச்சுன்னு தெரியும். கடையில தெனமும் நான் சொல்றது மேடம் இது. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“நானும் அதைத்தானே தாளுல போட்டிருக்கேன். அழிக்காம கோடு போடுங்கன்னு.”

“அது சின்னப் பசங்களுக்குன்னு நெனச்சுட்டேன்.”

மீதிக் கணக்கை அவள் கோடு போட்டுப் போட்டே முடித்தாள். விடை சரி. டீச்சர் அந்தக் கட்டுத் தாளை எடுத்து மற்றவர்களுடைய தாளோடு சேர்த்து வைத்தாள். அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது. நேரம் நன்றாக இருக்கிறதே என்று நான் ஒன்று கேட்டுப் பார்த்தேன். “அப்ப அந்த வாசல் தேர்வை விட்டுக் குடுத்துடலாமே டீச்சர்?”

“அம்மா” என்று பல்லைக் கடித்தாள் மகள்.

“முடியாதும்மா. இப்ப விட்டுக் குடுத்தா அடுத்த பாடத்துல விழுவாங்க. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. அதுல வரட்டும்.” கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் என் கட்சி. கிளம்பும்போது டீச்சர், இனிமேல் அம்மா பெயரை எழுத வேண்டாம் என்றாள். மகள் விடவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே. விதியில் அப்படி இல்லையே என்றாள். டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு, “சரி, எழுதுங்க. என்ன உதவின்னும் சேத்து எழுதுங்க” என்றாள்.

அன்றிலிருந்து ரப்பர் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போனது. பேனாவால்தான் கணக்கு. முதலில் தவித்துப்போனாள்.

“அம்மா, ரப்பர்.”

“எங்கயோ தொலைஞ்சு போச்சு.”

“உன் கூட்டுல தெரியுது.”

“தெரியுதுல்ல. அங்கயே இருக்கட்டும்.”

தாள்கள் அசிங்கமாகத்தான் இருந்தன. கோட்டுக்கு மேல் கோடு. ஆனால் டீ ஆறுவதற்கு முன்னாலேயே கணக்கை முடித்து எழுந்துவிடுவாள். அடியில் எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டுவாள். அம்மா: டீ கொடுத்தார், கணக்கில் கை வைக்கவில்லை. அம்மா: ரப்பரை ஒளித்து வைத்தார். எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றி உட்கார வைத்துவிட்ட ஒருநாள், பேத்தியை மாடி வீட்டுக்காரிதான் பார்த்துக்கொண்டாள். அந்த வாரம் அவளையும் எழுதினாள். அதை இப்போது சொல்லமாட்டேன், இடம் வரட்டும்.

கடைசி வாய்ப்பு நாளன்று அவள் திரும்பி வரும் வரைக்கும் நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அரிசியில் உப்பை இரண்டு தடவை போட்டேன். வந்தாள், தாளை நீட்டினாள். எங்கே பார்த்தாலும் கோடு.

“என்னடி, எல்லாத்தையும் அடிச்சுட்டாங்களா?”

“நான் அடிச்சதும்மா. பாஸ்.”

அன்றைக்கு உப்புக் கரித்த சோற்றையே மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம். பிறகு கடைசிப் பரீட்சையும் எழுதினாள். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை, இருந்தது போல் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. நடுவாந்தரம். பகல் படிப்புக்கு அது போதும். அதற்காகக் கடை வேலையை விட்டபோது முதலாளி, “உன் மூக்கு எனக்கு வேணுமே” என்று புலம்பினார். சனிக்கிழமை மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆக, காப்பியும் இல்லை, துரத்தவும் இல்லை. படிக்கட்டில் நின்று மாடி வீட்டுக்காரியிடம் இதையெல்லாம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டாள். கேட்டுவிட்டு, “அப்ப உங்க பேரு காலேஜுல இருக்கறது நிஜந்தான்” என்றாள்.

“உன் பேரும் இருக்கு.”

“என் பேரா? நான் என்ன பண்ணேன்?”

பேத்தியைக் கூப்பிட்டு அந்தத் தாளை எடுத்து வரச் சொன்னேன். அவள் படியில் நின்று பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நீட்டி வாசித்தாள். “உதவியவர்: மாடி வீட்டு அக்கா. என் மகளுக்குச் சாப்பாடு போட்டு, மாலை முழுவதும் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டார்.”

மாடி வீட்டுக்காரியின் முகம் சிவந்தது. தாளை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தாள். “டீச்சர் இதைப் படிச்சிருப்பாங்களா?”

“ஓரத்துல டிக் அடிச்சிருக்காங்க” என்றாள் பேத்தி.

அந்த வாரக் கடைசியில், கால்குலஸ் எவ்வளவு கஷ்டமான பாடம் என்று அவளே மூலைக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாளாம். கேட்டவர்கள் சொன்னார்கள்.

பகல் வகுப்பு தொடங்கிய அன்று காலை வீட்டில் ஒரே இழுபறி. பேத்திக்கும் பை, இவளுக்கும் பை, இரண்டு பேரும் ஒரே சீப்பைத் தேடினார்கள். மாப்பிள்ளை போனில், “வண்டி மேட்டுல ஏறுது, சத்தம் கேக்குதா? எவ்வளவு வேகம்னு சொல்லு பாப்போம்” என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கடைக்குப் போகிற பக்கம் திரும்பாமல், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

மேலே ஜன்னல் திறந்தது.

“சுட்டி, புள்ள சாயங்காலம் நேரா மேல வரட்டும். பெரியம்மாவுக்குக் கண்ணுக்கு மருந்து ஊத்துற நாளு இன்னிக்கி.”

“சரிக்கா.”

“ஏன்டி, இந்தப் படிப்புலயும் அடியில பேரு எழுதுவாங்களா?”

என் மகள் நின்று நிமிர்ந்து பார்த்தாள். “விதிமுறைத் தாளு இன்னிக்கித்தான் குடுப்பாங்க. வாசிச்சுட்டு வந்து சொல்றேன்க்கா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.